குளத்து நீர் கிணற்றுக்குப் போகிறதா? யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் ராடார், மின்தடை, சாயம்: எதை முதலில் தேர்வது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மாரி மழை குளங்களிலும் வெள்ளவாய்க்கால்களிலும் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றிலும் சில காலம் தங்கி, மெல்லச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. கோடையில் வலிகாமத்துத் தோட்டக்காரர் வெங்காயத்துக்கு இறைப்பதும், வீட்டில் சமையலுக்கு மொள்வதும் அப்படி இறங்கிய நீரைத்தான். ஆகவே ஒரு குளத்தைத் தூர்வாரப் பணம் ஒதுக்கும்போது, அந்தக் குளத்து நீர் எந்தக் கிணறுகளுக்கு, எவ்வளவு விரைவில், எவ்வழியாகப் போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது மிகவும் அவசியம். அதை அறிய இன்று பல முறைகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றுள் நில ஊடுருவு ராடார் கண்ணைக் கவரும் படங்களைத் தருவதால், பிரதேச சபைகளும் கிராம அமைப்புகளும் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அந்த ராடாரை மின்தடைத்திறன் அளவீட்டோடும், சாயச் சோதனையோடும், கிணற்றில் தொங்கவிடும் பதிவுக்கருவிகளோடும் ஒப்பிட்டு, சிறிய தொகை கையிலிருக்கும் ஓர் அமைப்பு எதில் தொடங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தூர்வாருதல் எப்போதும் நன்மையே என்ற எண்ணம் இங்கே செல்லாது. சில குளங்கள் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதற்குக் காரணமே அவற்றின் அடியில் படிந்திருக்கும் களிதான். அந்தக் களியைப் பாறை வரை வழித்தெடுத்தால், மாடு குடிக்கவும் வயலுக்குப் பாயவும் பங்குனி வரை நின்ற நீர் தை மாதத்திலேயே காணாமற் போகக்கூடும். நீர் உள்ளே இறங்கினால் நிலத்தடி நீர் பெருகும் என்பது உண்மை. ஆனால் குளத்துக்குள் வந்து சேரும் உரக் கழிவும் மலசலகூடக் குழிகளின் கசிவும் வடிகட்டப்படாமல் அதே வழியில் இறங்கும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. சுன்னாகத்தில் மின்னிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. மேற்பரப்பில் ஓரிடத்தில் சிந்தியது அயலவரின் கிணற்றில் மிதக்கும் நிலம் இது. ஆகவே நாம் கேட்கும் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது: நீர் போகக்கூடிய வழி எங்கே இருக்கிறது என்பது ஒன்று, நீர் உண்மையிலேயே அவ்வழியே போகிறதா என்பது மற்றொன்று. முறைகளை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

முதலில் நிலத்தின் இயல்பு. குடாநாட்டுச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலில் படிந்தது. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, வெடிப்புகளின் வழியாக இறங்கிப் பாறையைக் கரைத்து, துளைகளையும் குழாய்களையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. இத்தகைய நிலத்தையே புவியியலாளர் கார்ஸ்ட் என்கின்றனர். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து கூரை இடிந்து வெளிப்பட்ட ஒரு பள்ளம்; அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் உள்ளன. கீரிமலைக் கேணியில் கடலலைக்குச் சில அடி தொலைவிலேயே நன்னீர் ஊறுகிறது. மேலே நின்று பார்த்தால் தட்டையான தோட்ட நிலம். உள்ளே நீர் சில இடங்களில் பாறையின் நுண்துளைகள் வழியே ஊர்ந்தும், சில இடங்களில் திறந்த குழாய்களில் ஓடியும் செல்கிறது. இந்த இரட்டை இயல்புதான் எந்த ஒரு கருவியையும் தனித்து நம்ப விடாமல் செய்கிறது.

இந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கணித்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்க வேண்டும். நடைமுறையில் கார்ஸ்ட் நிலத்தில் கடல் ஏற்றவற்றம் குழாய்களின் வழியே உள்ளே வந்து கலக்குவதால் இடையே உவர்நீர் மண்டலம் தடித்துவிடுகிறது. கணக்கு காட்டும் ஆழத்துக்கு வெகு முன்னரே உவர் தொடங்கிவிடும். இந்த உவர்நீர்தான் ராடாருக்கு முதல் எதிரி.

ராடார் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தரையில் இழுத்துச் செல்லப்படும் ஓர் அலைவாங்கி (அன்ரெனா) குறுகிய மின்காந்தத் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. மின்பண்பு மாறும் எல்லைகளில் அதன் ஒரு பகுதி திரும்பி வருகிறது. இங்கே முக்கியமானது ஒப்புமை விடுதிறன் என்னும் மின்பண்பின் அளவு; அது கூடக்கூட அலை மெதுவாகச் செல்லும். காற்றுக்கு அது 1. உலர்ந்த சுண்ணக்கல்லுக்கு 4 முதல் 8 வரை. நீருக்கு ஏறத்தாழ 80. இவ்வளவு பெரிய வேறுபாடு இயற்கையில் வேறு எந்த இரு பொருள்களுக்கிடையேயும் அரிது. விடுதிறன் 8 கொண்ட பாறையிலிருந்து அலை ஒரு வெற்றுக் குகையைத் தொட்டால் அதன் வீச்சில் ஏறத்தாழ பாதி திரும்புகிறது; நீர் நிறைந்த குகையைத் தொட்டாலும் ஏறத்தாழ பாதி திரும்புகிறது, ஆனால் தலைகீழான குறியோடு. ஆகவே நல்ல பதிவில், பயிற்சி பெற்ற கண், ஒரு பொந்து வெறுமையாக இருக்கிறதா நீர் நிறைந்திருக்கிறதா என்பதைக்கூடச் சொல்லிவிடும். வேறெந்த மேற்பரப்பு முறையும் இவ்வளவு நுணுக்கமாக இதைச் சொல்வதில்லை.

நுணுக்கத்தின் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்தது. சுண்ணக்கல்லில் அலை நானோ செக்கனுக்கு ஏறத்தாழ 0.1 மீட்டர் செல்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அலைவாங்கியில் அலைநீளம் 1 மீட்டரை ஒட்டி இருக்கும். அதில் கால் பங்கு, அதாவது 25 சென்ரிமீட்டர் அளவிலான அடுக்குகளைப் பிரித்தறியலாம். 400 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் நுணுக்கம் நான்கு மடங்கு கூடும், ஆழம் குறையும். 25 அல்லது 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் தூய பாறையில் 20 மீட்டருக்கும் மேல் பார்க்கலாம். சிறிய குழாய்கள் மறைந்துபோகும். கிடையான படிவெடிப்புகளை ராடார் நன்றாகக் காட்டும். செங்குத்தான வெடிப்புகள், அதாவது குளத்தடியிலிருந்து நீர் நேரே இறங்கும் வழிகள், அலையைத் திருப்பி அனுப்பாததால், கிடையடுக்குகள் அறுபடும் இடங்களாகவோ கவிழ்த்த வில் போன்ற சிறு அதிபரவளைவுகளாகவோ மட்டுமே தெரியும். நாம் தேடுவதே பெரும்பாலும் இந்த வழிகளைத்தான்.

இனிப் பலவீனம். அலை மின்கடத்தும் பொருளுக்குள் போகும்போது ஆற்றலை இழக்கிறது. இந்த இழப்பை அளக்கும் அலகு டெசிபெல்; ஒவ்வொரு 20 டெசிபெல் இழப்புக்கும் அலையின் வீச்சு பத்தில் ஒன்றாகக் குறையும். இழப்பு, மீட்டருக்கு எத்தனை டெசிபெல் என்பதை, மின்கடத்துதிறனை 1.64 ஆல் பெருக்கி விடுதிறனின் வர்க்கமூலத்தால் வகுத்து அண்ணளவாகக் கணிக்கலாம். கடத்துதிறனை மீட்டருக்கு மில்லிசீமன்ஸ் அலகில் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடத்துதிறன் 1 ஆக உள்ள உலர்ந்த சுண்ணக்கல்லில் மீட்டருக்கு 0.6 டெசிபெல்தான் இழப்பு. நன்னீர் ஊறிய பாறையில் கடத்துதிறன் 5 என்று வைத்தால் ஏறத்தாழ 2.4. மழையில் நனைந்த களிப்பாங்கான செம்பாட்டு மண்ணில் கடத்துதிறன் 20 என்று கொண்டால் மீட்டருக்கு 8 டெசிபெல். அத்தகைய மண் 3 மீட்டர் தடிப்பாக இருந்தால், போய்வரும் வழியில் 48 டெசிபெலுக்கு மேல் இழந்து, அலையின் வீச்சு முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். உவர்நீர் ஊறிய பாறையில் கடத்துதிறன் 50 ஐத் தொட்டால் மீட்டருக்கு 20 டெசிபெலுக்கு மேல். அங்கே ராடார் ஓரிரு மீட்டருக்குள் குருடாகிவிடும். கடல்நீரில் அது முற்றிலும் பயனற்றது.

இந்தக் கணக்கைக் குடாநாட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் முடிவு தானாகவே உருவெடுக்கிறது. செம்பாட்டு மண் சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் பல மீட்டர். பாறை வெளித்தெரியும் இடங்களிலும் மண் மெலிந்த இடங்களிலும் ராடார் நீர்மட்டம் வரை தெளிவாகப் பார்க்கும். வலிகாமத்தின் ஆழ்ந்த செம்பாட்டுத் தோட்டங்களில் மாரியில் இழுத்தால் பாறையின் மேற்பரப்பைக் கூடக் காணாமல் போகலாம். தொண்டைமானாறு, உப்பாறு நீரேரிகளின் கரைகளில் எக்காலத்திலும் பயனில்லை. நீரேரியைத் தடுப்பணை கட்டி நன்னீராக்கினால் அருகிலுள்ள கிணறுகளின் உவர் குறையுமா என்ற கேள்வி குடாநாட்டில் பல தலைமுறையாக விவாதிக்கப்படுவது. அந்தக் கேள்விக்கு ராடாரைக் கொண்டுவருவது வீண் செலவு. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடங்களுக்கும் ராடார் அளவீட்டு விலைமனுக்கள் எழுதப்படுகின்றன.

தென் புளோரிடாவில் மயாமியை அண்டிய பிஸ்கேன் நீர்ப்படுகையில் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் ராடார் பதிவுகளைத் துளைக்கிணற்றுப் பாறை மாதிரிகளோடும் துளைக்குள் எடுத்த ஒளிப்படங்களோடும் பொருத்தி, பாறையின் எந்த அடுக்கு நீரை மிகுதியாகக் கடத்துகிறது என்பதை வரைந்துகாட்டினர். அதை எடுத்துக்காட்டாகக் காட்டி இங்கும் செய்யலாம் என்று சொல்வோர் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அங்கே அளந்த இடங்களில் மண் மிக மெல்லியது, அடியில் நின்றது நன்னீர். இரண்டாவது, ராடார் தனியாக எதையும் சொல்லவில்லை. துளைக்கிணற்றில் நேரே பார்த்ததை இரு துளைகளுக்கிடையே நீட்டிச் செல்லவே அது உதவியது. நம்மிடம் ஆயிரக்கணக்கான திறந்த கிணறுகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் பாறை அடுக்குகளும் பொந்துகளும் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஒரு கயிற்றளவையும் கைப்பேசிக் கமராவும் கொண்டு அவற்றை ஆவணப்படுத்தாமல் ராடாரை வாடகைக்கு எடுப்பது, இலவசமாகக் கிடைக்கும் சான்றை விட்டுவிட்டு விலை கொடுத்துக் குறைந்ததை வாங்குவதாகும்.

மின்தடைத்திறன் படமெடுப்பு இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. தரையில் வரிசையாக இரும்பு மின்வாய்களை அடித்து, இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளந்து, நிலத்தின் குறுக்குவெட்டைக் கணினியில் மீட்டெடுக்கின்றனர். உலர்ந்த சுண்ணக்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர், நன்னீர் ஊறியது சில நூறு, களி சில பத்து, கடல்நீரின் தடைத்திறனோ வெறும் 0.2. ராடாரைக் குருடாக்கும் உவர்நீர் இங்கே மிகத் தெளிவான குறியாக மாறுகிறது. வில்லையின் அடிப்பகுதி எங்கே இருக்கிறது, அதிகம் இறைத்த கிணற்றின் கீழே உவர் எவ்வளவு உயர்ந்து வந்திருக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இதுவே முறை. இவற்றுக்கு மின்வாய் அடிக்கத் தேவையில்லாத காலக்கள மின்காந்த முறையும் நன்றாக உதவும். அதைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை.

ஆனால் மின்தடைப் படம் மங்கலானது. ஆழம் கூடக்கூட ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகிறது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ள அரை மீட்டர்க் குழாயை அது காணாது. களி நிறைந்த பொந்தும் உவர்நீர் நிறைந்த பொந்தும் ஒரே நிறத்தில் தெரியும். இதற்கு மேல் குடாநாட்டுக்கே உரிய ஓர் இடர் உண்டு. பார்க்கும் ஆழம் கோட்டின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 5 மீட்டர் இடைவெளியில் 48 மின்வாய்கள் அடித்தால் கோட்டின் நீளம் 235 மீட்டர். காணும் ஆழம் 45 மீட்டரை ஒட்டி. வேலிகளும் மதில்களும் ஒழுங்கைகளும் நிறைந்த வலிகாமத்தில் 235 மீட்டர் நேர்கோடு கிடைப்பது எளிதன்று. கிடைத்தாலும் பல வளவுக்காரரின் ஒப்புதல் வேண்டும். கம்பி வேலிகள் மின்னோட்டத்தைத் திருடும். பாறை வெளித்தெரியும் இடங்களில் மின்வாய் இறங்காது. துளையிட்டு, ஈரக்களியால் பொதிய வேண்டும். ராடாருக்கு மிக ஏற்ற அந்தப் பாறைத் தரையே மின்தடைக்கு மிகக் கடினமானது என்பதால், இரண்டையும் போட்டியாளராகக் கருதாமல் நிலத்துக்கு நிலம் மாற்றிப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. இரண்டும் நிலத்தின் அமைப்பைக் காட்டுகின்றன. நீரின் ஓட்டத்தைக் காட்டுவதில்லை. குளத்தடியில் ஒரு பொந்தும், கிணற்றடியில் ஒரு பொந்தும் தெரிந்தால், அவை இணைந்திருக்கின்றன என்பது நம் ஊகம் மட்டுமே. அந்த ஊகத்தைச் சோதிக்க நீரையே கேட்க வேண்டும்.

நீரைக் கேட்கும் பழைய முறைகளில் ஒன்று சாயம். ஜேர்மனியில் டானியூப் ஆறு இம்மென்டிங்கன் அருகே சுண்ணக்கல்லுக்குள் மறைகிறது. அந்த நீர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக் ஊற்றில் வெளிவருகிறதா என்பது ஆலை உரிமையாளருக்கிடையே பெரும் வழக்காக இருந்தது. 1877 இல் அடோல்ஃப் க்னோப் என்பவர் 10 கிலோகிராம் ஃபுளோரசீன் சாயத்தையும் பெருமளவு உப்பையும் ஆறு மறையும் இடத்தில் இட்டார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. எந்தப் படமெடுப்புக் கருவியாலும் இவ்வளவு மறுக்கமுடியாத விடையைத் தர இயலாது. நீர் போகிறது, இன்ன இடத்துக்குப் போகிறது, இவ்வளவு நேரத்தில் போகிறது என்ற மூன்றையும் ஒரே சோதனை சொல்லிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அதே வெற்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே மலைச்சரிவு, இங்கே பல கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவிலேயே நீர்மட்டம் சாய்ந்திருக்கிறது. நீர் மெதுவாகச் செல்லும். சாயம் பாறையின் நுண்துளைகளுக்குள் பரவி நீர்த்துப்போகும். நாட்களில் வர வேண்டியது மாதங்களில் வரலாம், அளக்க முடியாத அளவுக்கு மெலிந்தும் வரலாம். ஆகவே சாயம் வந்தால் இணைப்பு உறுதி. வராவிட்டால் இணைப்பு இல்லை என்று எழுத முடியாது. ஃபுளோரசீனின் சோடிய உப்பான யூரனின் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. ஒளிர்வுமானியால் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவைக் கண்டறியலாம். கிணற்று நீர் நிறம் மாறத் தேவையில்லை. ஆனால் வெயிலில் அது சிதைந்துவிடும் என்பதால் திறந்த குளத்தின் நடுவே கொட்டாமல், நீர் உள்ளிறங்கும் வாயிலேயே மாலை மங்கியபின் இட வேண்டும். உப்பைச் சுவடுகாட்டியாக இடும் யோசனை இங்கே எழவே கூடாது. அயலிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே நேரில் சொல்லி ஒப்புதல் பெறாமல் இந்தச் சோதனையைச் செய்யவும் கூடாது. எண்ணெய் கலந்த கிணற்றை அனுபவித்த மக்களின் குடிநீரில் அவர்கள் அறியாமல் எதையும் சேர்ப்பது, அது எவ்வளவு தீங்கற்றதாயினும், நம்பிக்கைத் துரோகம்.

சாயம் இடாமலே நீர் தானே சுமந்துவரும் சுவடுகளும் உண்டு. வெயிலில் வற்றிய குளத்து நீரில் ஒட்சிசன்-18, டியூட்டேரியம் என்னும் சமதானிகள், அதாவது ஒட்சிசனின், ஐதரசனின் பாரம் கூடிய அணுக்கள், செறிந்திருக்கும். நேரே மண்வழி இறங்கிய மழைநீரில் அந்தச் செறிவு இராது. கிணற்று நீரில் அந்த ஆவியாதலின் அடையாளம் தெரிந்தால் அது குளத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் காலம் முக்கியம். குளம் நிறைந்து ததும்பும் மார்கழியில் குளத்து நீரும் மழைநீரும் ஒன்றுபோலவே இருக்கும். குளம் சுருங்கும் மாசி, பங்குனியில்தான் வேறுபாடு துலங்கும். மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் செலவு உண்டு, ஆனால் மாதிரி எடுக்க ஒரு போத்தலே போதும்.

என் தேர்வில் முதலிடம் பெறுவது இவை எதுவும் அல்ல. நீர்மட்டம், வெப்பநிலை, மின்கடத்துதிறன் ஆகிய மூன்றையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சிறு கருவிகளே. குளத்தில் ஒன்று, அதைச் சுற்றி வெவ்வேறு தொலைவில் உள்ள சில கிணறுகளில் ஒவ்வொன்று. எல்லா இடங்களின் உயரத்தையும் ஒரே அடிமட்டத்திலிருந்து மட்டக்கருவியால் அளந்து பிணைக்க வேண்டும். நீர்மட்டச் சாய்வு சில சென்ரிமீட்டரில் இருக்கும் நிலத்தில் இந்தப் பிணைப்பு இல்லாத பதிவுகள் ஒன்றோடொன்று பேசா. புரட்டாசி முடிவில் பொருத்தி ஒரு மாரி முழுவதும் விட்டுவைத்தால், முதற் பெருமழைக்குப் பின் எந்தக் கிணறு மணிக்கணக்கில் எழுகிறது, எது வாரக்கணக்கில் எழுகிறது என்பது தெரிந்துவிடும். வெறும் மட்டம் உயர்வது மட்டும் போதுமான சான்று அல்ல, ஏனென்றால் அழுத்தம் நீருக்கு முன்னரே சென்றுவிடும். மட்டம் உயர்ந்தபின் மின்கடத்துதிறன் சட்டென்று இறங்கினால், உப்புக் குறைந்த புதிய மழைநீரே அந்தக் கிணற்றை வந்தடைந்திருக்கிறது என்று பொருள். கடலோரக் கிணறுகளில் ஏற்றவற்றத்தின் தாளம் பதிவில் தெரிந்தால், கடலுடனான திறந்த இணைப்பையும் அதே கருவி இலவசமாகச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பதிவுகள் கிடைத்தபின் ராடாருக்கு ஒரு தெளிவான வேலை பிறக்கிறது. விரைந்து எழுந்த கிணற்றுக்கும் குளத்துக்கும் இடையே, மண் மெலிந்த கீற்றில், கோடையின் இறுதியில் மண் நன்கு உலர்ந்திருக்கும் ஆவணியிலோ புரட்டாசியிலோ முதல் அளவீடு. மாரி தொடங்கிச் சில வாரங்களில் அதே கோட்டில், அதே அலைவாங்கியில், அதே அமைப்புகளோடு இரண்டாவது அளவீடு. பாறையில் நீர் நுழைந்த இடங்களில் அலை மெதுவாவதால் கீழுள்ள எதிரொலிகள் தாமதமாக வரும். இரண்டு பதிவுகளையும் கழித்துப் பார்த்தால் நனைந்த வழிகள் வெளிப்படும். ஒருமுறை மட்டும் இழுத்த ராடார் அமைப்பைக் காட்டும். இருமுறை இழுத்தது ஓட்டத்தின் நிழலையாவது காட்டும். ஒற்றை அளவீட்டுக்கு மட்டும் விலை சொல்லும் ஒப்பந்தத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கவசமிட்ட அலைவாங்கி வேண்டும் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேலே செல்லும் மின்கம்பிகளும் பனைகளும் காற்றுவழி எதிரொலித்து நிலத்துக்குள் இருப்பன போலப் பதிவாகும். 50 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் உள்ள அலைவாங்கிகளுக்குப் பொதுவாகக் கவசம் இருப்பதில்லை என்பதால், அவற்றைத் திறந்த வெளிகளில் மட்டும் பயன்படுத்தலாம்.

குளத்தின் மேலேயே ராடாரை மிதக்கவிடும் வழியும் உண்டு. தூர்வாருவோருக்கு ராடார் தரக்கூடிய மிக நேரடியான பயன் இதுவே என்று கருதுகிறேன். பிளாஸ்ரிக் தோணியில் அலைவாங்கியை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால், நீரின் ஆழமும், சேற்றின் தடிப்பும், சேறு மெலிந்து பாறை மேலெழும் இடங்களும் தெரியவரும். மாரியில் குளத்து நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 30 மில்லிசீமன்ஸ் அளவில் இருந்தால், 2 மீட்டர் நீரைக் கடந்து திரும்ப 22 டெசிபெல் இழப்பே ஆகும், தாங்கக்கூடியது. கோடையில் வற்றி 100 ஐத் தொட்டால் இழப்பு 70 டெசிபெலைத் தாண்டும். அப்போது வேலை நடக்காது. ஆகவே தரைமேல் ராடாருக்குக் கோடை, நீர்மேல் ராடாருக்கு மாரி. இந்தப் படம் கையில் இருந்தால், குளத்தின் எந்த மூலையில் களியைத் தொடாமல் விட வேண்டும், எந்த மூலையில் பாறை வாயைத் திறந்துவிட்டு முன்னால் ஒரு மணல் வடிகட்டி அமைக்கலாம் என்பதைப் பேசி முடிவுசெய்யலாம்.

பணம் ஒரு முறைக்கு மட்டுமே போதும் என்றால் பதிவுக்கருவிகளை வாங்குங்கள். அவை வேலை முடிந்தபின்னும் உங்களிடமே இருக்கும், அடுத்த குளத்துக்கும் போகும். இரண்டாவது முறைக்கும் பணம் இருந்தால், கேள்வி உவர் பற்றியதாயின் மின்தடையையும், இணைப்பு பற்றியதாயின் சமதானிச் சோதனையையும் சாயத்தையும் சேருங்கள். மூன்றாவதாகவே ராடார்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஒரு நிலைமை உண்டு. நிலம் தாழ்ந்துவருவதாகச் சந்தேகிக்கப்படும் வீதி, பாடசாலை வளவு, புதிதாகக் கட்டப்படும் நீர்த்தாங்கியின் அடித்தளம் ஆகியவற்றில் கேள்வி நீரைப் பற்றியதன்று, ஆழமற்ற பொந்து இருக்கிறதா என்பதைப் பற்றியது. அங்கே ஒரு மாரி முழுவதும் காத்திருக்க இயலாது. சில மணி நேரத்தில் ஒரு வளவை முழுவதும் அலசிவிடும் ராடாரே முதலில் வர வேண்டும், அது காட்டும் ஐயத்துக்குரிய இடங்களில் துளையிட்டுச் சரிபார்க்க வேண்டும். செம்பாட்டு மண் தடித்திருந்தால் அங்கும் அது பார்வையிழக்கும் என்பதால், எதிரொலி எதுவும் வராத பதிவை, பொந்து இல்லை என்பதற்குச் சான்றாக எந்தப் பொறியியலாளரும் ஏற்கக் கூடாது. அலை எந்த ஆழம் வரை சென்றது என்பதை அருகிலுள்ள ஒரு கிணற்றின் தெரிந்த பாறை மட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்படி ஒப்பந்தத்திலேயே கேட்டுவிட வேண்டும்.